கணக்குப்பிள்ளையின் உயிர்

சினிமா ஃபார்முலா உங்களுக்குத் தெரியும். தாதாவுக்குக் கணக்கு எழுதியவர் சாட்சி சொல்ல வருவார். அவரைத் தீர்த்துக்கட்ட ஆள் கிளம்பும். ராப்பகலாகக் காவல் நிற்கிற போலீஸ் அதிகாரியோடு நடுவில் ஒரு காதலும் உண்டு. 1931-ல் அமெரிக்காவில் இது நிஜமாகவே நடந்தது, டூயட் நீங்கலாக.

தாதா, சிகாகோவின் அல் கபோன். கள்ளச்சாராயம், சூதாட்டம், கொலை. எதற்கும் சாட்சி கிடைக்காது. தன் பேரில் பேங்க் கணக்குகூடக் கிடையாது. ஆனால், 'திருட்டு வருமானத்துக்கும் வரி உண்டு' என்று 1927-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு வந்தார் ஃபிராங்க் வில்சன். போலீஸ்கூட இல்லை, வரி இலாகா புலனாய்வு அதிகாரி. யூனிஃபார்ம் கிடையாது, மூக்குக்கண்ணாடி உண்டு. சிகாகோவில் மனைவியோடு ஓட்டலில் தங்கினார். துரத்துவது கபோனைத்தான் என்று அந்த அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை.

1930-ல் ஒரு ராத்திரி பழைய பீரோவைக் குடைந்தபோது, 1926 ரெய்டில் அள்ளி வந்த பேரேடு கிடைத்தது. ஒரு சூதாட்ட விடுதியின் லாபக் கணக்கு. இரண்டே வருஷத்தில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல்! (ட்ரையல் பேலன்ஸ் போட்டுத் தாவு தீர்ந்த பி.காம்.காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.)

எழுதியது யார்? பேங்க் சலான்களில் இருந்த எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். லெஸ்லி ஷம்வே. மியாமியில் நாய்ப் பந்தய மைதானத்தில் வேலை. கபோனின் பங்களாவும் அந்த ஊரில்தான்.

'எனக்கு ஒன்றும் தெரியாது' என்றார் ஷம்வே. வில்சன் அசரவில்லை. பேசாமல் எங்களோடு வந்தால் உயிருக்கு நாங்கள் பொறுப்பு. மாட்டேன் என்றால், நாலு பேர் பார்க்க சம்மனை நீட்டச் சொல்வேன். கபோனின் ஆட்கள் காதுக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பெண்டாட்டியை நினைத்துப் பாருங்கள்!

இதைப் பாதுகாப்பு என்பதா, மிரட்டல் என்பதா? என்னைக் கேட்டால் மிரட்டல்தான். கபோன் மீதிருந்த பயத்தையே வில்சன் கடன் வாங்கிக்கொண்டார். இன்னொரு காசாளர் ஃபிரெட் ரீஸ் கதை இன்னும் மோசம். அவருக்குப் பூச்சி என்றால் உயிர் போகும். பூச்சி நெளியும் ஜெயிலாகப் பார்த்து அடைத்தார்கள். சில நாளில் ஆள் சரண்டர்! இதை வில்சனே பிற்பாடு எழுதியிருக்கிறார், கூச்சமில்லாமல்.

ஆனால், கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். ஷம்வேயை வெளியூரில் ஒளித்துவைத்தார். ரீஸைத் தென் அமெரிக்காவுக்கே கப்பலேற்றினார். செலவு, கபோனின் தொல்லை பொறுக்காத சிகாகோ பணக்காரர்களுடையது. இதற்கிடையே வில்சனைச் சுடவே கூலிப்படை வந்திருப்பதாகத் தகவல். அவசரமாக ஓட்டல் மாறினார்.

1931 அக்டோபரில் விசாரணை. ஜூரிகளை கபோன் விலைக்கு வாங்கிவிட்டார் என்று துப்பு கிடைக்க, நீதிபதி வில்கர்சன் கடைசி நிமிஷத்தில் மொத்த ஜூரிப் பட்டியலையே மாற்றினார்.

ஷம்வே கூண்டில் ஏறினார். பேரேட்டை நீட்டினார்கள். எழுத்து தன்னுடையதுதான் என்றார். அதே அறையில் கபோன் உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 24-ம் தேதி தீர்ப்பு வந்தது. 11 வருஷம்.