பச்சை ஹைட்ராவின் வரலாறு

சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. அதன் வாயிலைக் கடந்து செல்லும் நாம், உள்ளே நடப்பது யாதென வினவுவதில்லை. 1916-இல் இத்துறை தோன்றியபோது முதல் இயக்குநரானவர் நெல்சன் அன்னண்டேல். அவர் 1911-லேயே இந்திய நன்னீர்ப் பஞ்சுயிர்களையும் ஹைட்ராக்களையும் பற்றி நூலொன்று வெளியிட்டிருந்தார். நீர்ச்செடியில் ஒட்டிக் கிடக்கும், சில மில்லிமீட்டர் நீளமேயுள்ள ஓர் உயிருக்காக அறிஞர்கள் இத்துணை உழைத்தது ஏன்?

1740-ஆம் ஆண்டு. ஹாலந்தின் ஹேக் நகருக்கருகே ஒரு பிரபுவின் இரு புதல்வருக்கு ஆசிரியராயிருந்தவர் ஆபிரகாம் டிரெம்பிளி. குட்டை நீரைக் கண்ணாடிச் சாடியில் வைத்து நோக்கியபோது, பச்சை நிறத்தில் கைவிரித்து நின்ற ஒன்றைச் செடியென்றே கருதினார். ஆனால் அது சுருங்கியது, நகர்ந்தது, ஒளியை நாடிச் சென்றது. செடியாயின் வெட்டிய துண்டுகள் தழைக்கும், விலங்காயின் மாளும் என எண்ணி, நவம்பர் 25-ஆம் நாள் அதனை வெட்டினார். இரு துண்டுகளும் இரு முழு உயிர்களாயின! அவ்வளவில் செடியென்று முடிவுகட்டிவிட அவர் விரும்பவில்லை. இரையைப் பிடித்து விழுங்குவதையும் கண்டார். பாரிசு அறிஞர் ரெயோமூருக்கு எழுதினார். விலங்கே என்பது உறுதியாயிற்று. தாம் வகுத்த சோதனையே பொய்த்ததை மறைக்காது எழுதிய அந்த நேர்மைதான் நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1743-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது.

பச்சை நிறத்தின் மருமம் மேலும் 140 ஆண்டுகள் நீடித்தது. ஹைட்ராவின் உயிரணுக்களுக்குள் வாழ்வது தனியொரு பாசியே என்பதை ஜெர்மானியர் கார்ல் பிராண்ட் 1881-இல் வெளியிட்டார். பாசி வெயிலில் ஆக்கிய மால்ட்டோஸ் சர்க்கரையில் ஒரு பங்கை ஹைட்ராவுக்குத் தருகிறது என்பதை 1960-களில் அமெரிக்கர் மஸ்கட்டீன் கண்டார். இரை அருகிய நாளிலும் வெளிச்சமிருந்தால் பச்சை ஹைட்ரா தாக்குப்பிடிக்கும். குடியிருப்பவன் உணவாக வாடகை கொடுக்கிறான். தியாகராய நகர் வீட்டுக்காரர்களுக்கு இவ்வேற்பாடு பிடிக்கும்! தாயின் மொட்டோடும் முட்டையோடும் பாசியும் அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது.

பாசிகளைப் பற்றிய ஆய்வில் சென்னைக்குத் தனிப் பெருமையுண்டு. இந்தியப் பாசியியலின் தந்தையெனப் போற்றப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார் (1886–1963) இந்நகரில் பணியாற்றியவரே.

ஹைட்ரா தூய நீரையே நாடும். செம்பு முதலிய உலோகங்கள் சிறிதளவு கலந்தாலும் சுருங்கி மாளும். ஆதலால் நீரின் நஞ்சைச் சோதிக்கவும் அதனைப் பயன்படுத்துகின்றனர். கழிவு கலந்த அடையாற்றில் அதைத் தேடுவது வீண். செடிகள் நிறைந்த தெளிந்த குட்டைகளைத்தான் நாடிச் செல்லவேண்டும்.