தபால் கந்தோரில் குடியிருந்தவர்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஞாபகம் இருக்கும்தானே? அப்போது நான் வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். லப்டொப்பில் சார்ஜ் இருந்தது, வேலையும் இருந்தது. ஆனால் வேலை தந்தவர் அனுப்பிய திருத்தங்கள் எல்லாம் ஜிமெயிலுக்குள்ளே, நான் போக முடியாத இடத்தில்.

மின்னஞ்சலை இணையப் பக்கத்திலேயே வைத்திருப்பதுதான் இயல்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். வரலாற்றைப் பார்த்தால் அப்படியில்லை.

1971இல் ரே டொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பினார். அடுத்த வருடமே கடிதங்களைப் பட்டியலிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்து வாசிக்க லோரன்ஸ் ரொபர்ட்ஸ் ஒரு புரோகிராம் எழுதவேண்டி வந்தது. பாருங்கோ, கடிதம் வரத் தொடங்கின கையோடு அதை ஒழுங்குபடுத்துற தலையிடியும் வந்திட்டுது.

எனக்குப் பிடித்தது யூடோரா. 1988இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் எழுதியது. யூடோரா வெல்ட்டி என்ற எழுத்தாளரின் ஒரு சிறுகதையில், வீட்டாரோடு கோவித்துக்கொண்டு ஒருத்தி தபால் கந்தோருக்கே குடிபோகிறாள். இரவு பகலாக மின்னஞ்சலோடு கிடந்த டோர்னருக்கு அது தன் கதை போலத் தோன்ற, அந்தப் பெயரையே வைத்துவிட்டார். பிறகு அது குவால்கொம் கம்பனிக்குப் போனது.

யூடோரா டயல்-அப் காலத்து ஆள். லைன் எடுத்து, கடிதங்களை இறக்கி, லைனை வெட்டிவிட்டு ஆறுதலாக வாசிக்கலாம். இன்னாரிடமிருந்து வந்தால் இந்தப் பெட்டிக்குள் போ என்று விதி போடலாம். கடிதங்கள் வெறும் எழுத்துக் கோப்புகளாக உங்கள் கணினியிலேயே கிடக்கும். பிந்திய பதிப்பில் ஒரு பகிடியும் இருந்தது: கோபமாக எழுதினால் மிளகாய்ப் படம் காட்டும், மிஞ்சினால் மூன்று மிளகாய். காசு தராத ஆளுக்கு நினைவூட்டல் எழுதும்போது எனக்கும் அப்படி ஒன்று வேணும்.

1996இல் ஹொட்மெயில் வந்தது. எந்த கஃபேயிலிருந்தும் கடிதம் பார்க்கலாம், ஆனால் இடம் வெறும் 2 எம்பி. 2004 ஏப்ரல் 1ஆம் தேதி கூகிள் 1 ஜிபி தருவதாகச் சொன்னபோது முட்டாள்கள் தின விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். ஜிமெயிலில் போல்டர் இல்லை, லேபிள்தான். ஒரே கடிதத்துக்கு வாடிக்கையாளர் பெயரையும் 'பில்' என்பதையும் சேர்த்து ஒட்டலாம். இது உண்மையிலேயே நல்ல யோசனை, மறுக்கமாட்டேன். இந்த வெள்ளத்தில் யூடோரா நிற்கவில்லை. 2006இல் குவால்கொம் அதைக் கைவிட்டது.

நான் தெரிந்தது தண்டர்பேர்ட். அதன் முதல் முழுப்பதிப்பும் 2004தான். ஐமெப் முறையில் ஜிமெயிலை இணைத்தால் கடிதம் அங்கேயும் இருக்கும், பிரதி என் லப்டொப்பிலும் இருக்கும். இருட்டில் பதில் எழுதி வைத்தால், இணைப்பு வந்ததும் அனுப்பலாம். இந்த ஐமெப்பை மார்க் கிறிஸ்பின் 1986இலேயே ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிவிட்டார். எனக்குத்தான் தெரிய இவ்வளவு காலம் எடுத்தது. குறை இல்லாமல் இல்லை. முதல் முறை எல்லாக் கடிதத்தையும் இறக்க என் டேட்டா பக்கேஜ் முடிந்தே போனது.

சில மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர், "இந்த விலைக்கு நாங்கள் ஓம் சொல்லவேயில்லை" என்றார். அப்போதும் கரண்ட் இல்லை. அவருடைய பெட்டியில் 'விலை' என்று தேடினேன். ஓம் சொன்ன கடிதம் திகதியோடு இருந்தது. அன்று பின்னேரமே அனுப்பினேன்.

இப்போது 'காசு வரவேண்டியது' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். அதில் நாலு கடிதம் கிடக்குது. இரண்டு போன வருடத்தது.