நீலி முதல் சந்திரமுகி வரை: பழி தீர்ந்தால் படம் முடியுமா?

பேய்ப் படம்னா கிளைமாக்ஸ் என்னன்னு எல்லாருக்கும் தெரியும். கொன்னவனைப் பேய் கொன்னுடும், அப்புறம் வணக்கம். ஆனா 2005ல் வந்த சந்திரமுகியில அப்படி இல்லை. வேட்டையனைக் கொன்றதாக கங்காவை நம்ப வைத்து, ஆளை மாற்றிவிட்டு பொம்மையை எரிக்க விடுகிறார்கள். 1993ல் ஃபாசில் எடுத்த மணிச்சித்திரத்தாழிலும் இதே ஏமாற்று வேலைதான். பழி தீர்ந்தது, ஆனால் யாரும் சாகவில்லை.

நம்ம ஊர் ஒரிஜினல் பழிவாங்கும் பேய் பழையனூர் நீலி. திருவாலங்காட்டுப் பக்கம். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் வணிகனாக வந்த அவனைத் துரத்துகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், சேர்த்து வையுங்கள்" என்று ஊர் வேளாளர்களிடம் அழுகிறாள். (நீலிக்கண்ணீர் இதுதான்!) வணிகன் கதறுகிறான். அவர்களோ, "உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் 70 பேரும் உயிரை விடுகிறோம்" என்று சொல்லி, அவனைக் காப்பாற்றி வந்த மந்திரக் கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டு அவளோடு அறையில் அடைக்கிறார்கள். விடிந்தால் பிணம். எழுபது பேரும் சொன்னபடி தீயில் இறங்கினார்கள்.

பி.காம் படிக்கிறவனுக்கு இங்கே கை அரிக்கும் :-) இது பக்கா ஜாமீன் ஒப்பந்தம். பொய் சொல்லி வாங்கின ஜாமீன் செல்லாதே என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 142வது பிரிவைக் காட்டித் தப்பிக்க முடியுமா? முடியாது. அது ஜாமீன் பெறுபவர் சொன்ன பொய்க்கு, அல்லது அவர் தெரிந்தே சம்மதித்த பொய்க்கு. இங்கே பெறுபவன் வணிகன். அவன் கடைசி வரை உண்மையைத்தான் சொன்னான். யாரும் நம்பவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கதை ரொம்பப் பழசு. 7ம் நூற்றாண்டு சம்பந்தர் தன் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே இதைத் தொட்டுவிடுகிறார். ஆனால் எனக்குப் பிடித்த கிளைமாக்ஸை எழுதியது சமணர்கள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியில் இதே நீலி, உயிர்ப்பலியை எதிர்த்த முனிச்சந்திரர் என்ற துறவியைப் பயமுறுத்தப் போகிறாள். அவர் அசையவே இல்லை. கடைசியில் அவரிடமே பாடம் கேட்டு கொலையை விடுகிறாள். அப்புறம் ஊர் ஊராகப் போய் குண்டலகேசி போன்ற பௌத்தர்களையும் மற்ற மதத்தாரையும் வாதத்தில் தோற்கடிக்கிறாள். பேய் பட்டிமன்றப் பேச்சாளராகிவிட்டது!

சமணம் ஏதோ தூரத்துச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நெய்வேலியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய திருப்பாதிரிப்புலியூரில்தான் அப்பர், சைவத்துக்குத் திரும்பும் முன், தருமசேனர் என்ற பெயரில் சமண மடத்தில் இருந்தார் என்கிறது பெரியபுராணம்.

சந்திரமுகி டாக்டர் பேயை ஏமாற்றினார், முனிச்சந்திரர் பேசித் திருத்தினார். ஆனால் மக்கள் கைவிடாமல் வைத்திருப்பது அந்த மூன்றாவது முடிவைத்தான். திருவாலங்காட்டுப் பக்கம் போனால் எழுபது வேளாளர்களுக்கு நினைவிடமே இருக்கிறது. ஜாமீனை நம்பிக் கத்தியைக் கொடுத்த வணிகனுக்கு அந்தக் கதையில் ஒரு பெயர்கூட யாருக்கும் சட்டென்று ஞாபகம் வருவதில்லை.