தரங்கம்பாடியின் பழைய கட்டடங்கள்: அன்றும் இன்றும்

தரங்கம்பாடி என்றதும் பலருக்கும் டேனிஷ் கோட்டைதான் நினைவுக்கு வரும். மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள இந்தச் சிறிய கடலோர ஊரில் கோட்டையைத் தவிர வேறு பல பழைய கட்டடங்களும் உள்ளன. ஆட்சி மாறியபோதெல்லாம் அவற்றில் பல புதுப்புது வேலைகளுக்குப் பயன்பட்டன. அவை இன்றுவரை நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாசிலாமணி நாதர் கோயில்

ஊரின் மிகப் பழைய கட்டடம் இதுதான். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டப்பட்டது. டேனிஷ்காரர்கள் வருவதற்குச் சுமார் 300 ஆண்டுகள் முன்பே இங்கே ஊர் இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. பின்னர் கோயில் புதுப்பிக்கப்பட்டது.

டேனிஷ் கோட்டை

1620ல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, டேனிஷ் தளபதி ஓவே கியெட்டே இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினார். இதன் பெயர் டான்ஸ்போர்க். கீழ்த்தளத்தில் சரக்கு அறைகள், சமையலறை, சிறை ஆகியவை இருந்தன. மேல்தளத்தில் கவர்னர் குடியிருந்தார். கவர்னருடன் ஏற்பட்ட மோதலால் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1708ல் இக்கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். சுமார் நான்கு மாதம் கழித்தே விடுதலையானார்.

1845ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். வணிகமும் நிர்வாகமும் வேறு ஊர்களுக்குப் போயின. கோட்டை பயணியர் விடுதியானது. 1970களின் இறுதியில் தமிழ்நாடு தொல்லியல் துறையிடம் வந்து அருங்காட்சியகமாக மாறியது.

அச்சகமும் தேவாலயமும்

தமிழில் அச்சு நூல் 1578லேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. ஆனால் இடையில் அந்த முயற்சி நின்றுபோனது. 1713ல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சு வேலை மீண்டும் தொடங்கியது. 1715ல் புதிய ஏற்பாடு முழுவதும் இங்கே அச்சாகி முடிந்தது. சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718ல் திறக்கப்பட்டது. மறு ஆண்டே இறந்த அவர் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. அவர் வாழ்ந்த வீடு 2017ல் அருங்காட்சியகமானது.

மற்ற கட்டடங்கள்

1792ல் எழுப்பிய நகர வாயில் வழியாகத்தான் இன்றும் மக்கள் பழைய ஊருக்குள் போய்வருகிறார்கள். கடலை ஒட்டிய ஆங்கிலேயக் கலெக்டர் பங்களா பிற்காலத்தில் தங்கும் விடுதியானது.

2004 டிசம்பர் 26ல் வந்த சுனாமி இவ்வூரில் பல உயிர்களைப் பறித்தது. கோட்டை தப்பித்தது. ஆனால் கடற்கரை ஊரில் உப்புக்காற்று ஒரு நாளும் ஓய்வதில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டில் முதலில் காரை உதிரும், பிறகு ஓடு சரியும், கடைசியில் சுவர் விழும். ஆள் புழங்கும் கட்டடத்தில் விரிசல் விட்டால் யாராவது கவனிப்பார்கள். தரங்கம்பாடியில் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளுக்கும் இன்று தேவைப்படுவது அந்தப் புழக்கம்தான்.