கையேட்டில் யார் யார்?

மும்பைத் தமிழர்களுக்கு உதவும் அமைப்புகளின் கையேடு போடலாம் என்றதுமே முதல் சண்டை, "பதிவு எண் இருந்தால்தான் சேர்க்கணுமா?" என்பதில்தான். ஏழு பேர் கூடினால் சங்கம் பதியலாம் என்றது 1860 சட்டம். இங்கே அறப்பணிச் சங்கங்கள் 1950 மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்திலும் பதிய வேண்டும். (வங்கிக்காரனுக்கு இரண்டு சான்றிதழ் என்றால் இரட்டை சந்தோஷம்!) 1932-ல் மாட்டுங்காவில் தொடங்கிய சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி மாதிரி பெரிய இடங்களுக்கு இது பிரச்சினையில்லை. தாராவியில் நெல்லைக்காரர்களின் ஊர்ச் சங்கங்கள்? மாதச் சந்தா, ஒரு நோட்டு, அவ்வளவுதான். ஆனால் சாவு விழுந்தால் உடலை ஊருக்கு அனுப்ப ராத்திரியோடு ராத்திரியாக ஓடுவது அவர்கள். பதிவு என்பது கணக்குக் கேட்க வந்த ஏற்பாடு. அப்படியானால் நோட்டைக் காட்டுகிற சங்கம் உள்ளே, காட்டாதது பதிவு எண் இருந்தாலும் வெளியே என்பது என் கட்சி. பெரிய சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் அதோடு கூட்டத்துக்கு வருவதில்லை.