அப்பீல் என்னும் மறுவாசிப்பு

லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் கொன்றவர் யார் என்ற துப்பறியும் ஆவலில் முடிகின்றன. அல்லது பாகவதரின் வீழ்ச்சிக்கு இரங்குகின்றன. இரண்டுக்கும் அடியில் அந்த வழக்கின் சட்ட வரலாறு கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. கோவைக்காரன் அதைத் தன் ஊரின் இன்னொரு வழக்கோடு சேர்த்துப் படித்தாக வேண்டும்.

1944 நவம்பர் 8ல் சென்னை வேப்பேரியில் மஞ்சள் பத்திரிகைக்காரரான லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார்; மறுநாள் இறந்தார். கைதானவர்களில் எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், கோவைப் பட முதலாளியும் டைரக்டருமான எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய மூவரும் இருந்தனர். முந்தின வருஷம் வந்த 'சிவகவி'யில் பாகவதரை நடிக்க வைத்தவர் நாயுடு. மூவர் மீதும் சாட்டப்பட்டது சதி. சதி வழக்கில் எதிரியின் வக்கீலுக்குள்ள கஷ்டம் தனி வகையானது. உடந்தையாக இருந்தவனின் சாட்சியை மட்டும் கொண்டு தண்டிப்பது சட்டவிரோதமல்ல என்கிறது சாட்சியச் சட்டத்தின் ஒரு பிரிவு. முக்கிய அம்சங்களில் வேறு ஆதாரம் இல்லாவிட்டால் அவனை நம்பத்தகாதவனாகக் கொள்ளலாம் என்கிறது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில்தான் எதிர்த்தரப்பு வேலை செய்தாக வேண்டும்.

விசாரணை சென்னை ஹைகோர்ட் செஷன்ஸில், ஜூரியுடன் நடந்தது. நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தீவாந்தர தண்டனை கிடைத்தது.

இங்கே ஒரு விநோதத்தைக் கவனிக்கலாம். அந்நாளில் கோயமுத்தூர் ஜில்லாவில் ஒரு கொலை நடந்தால் செஷன்ஸ் ஜட்ஜ் அஸெஸர்களுடன் உட்கார்ந்து விசாரிப்பார். தண்டிக்கப்பட்டவன் சட்டம், சங்கதி இரண்டின் மேலும் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். தூக்கு என்றால் ஹைகோர்ட் உறுதி செய்தாலொழிய நிறைவேற்ற முடியாது. ஆனால் ஹைகோர்ட்டே நேராக விசாரித்துத் தண்டித்தவனுக்கு, சங்கதியின் மேல் அப்பீல் என்பதே வெகுகாலம் கிடையாது. 1943ல்தான் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் 411-ஏ என்ற பிரிவு சேர்ந்து அந்தக் கதவைத் திறந்தது. கௌரவம் மிகுந்த கோர்ட்டில் உரிமை குறைவாக இருந்திருக்கிறது.

புதுக் கதவு எவ்வளவு அகலம் என்பது யாருக்கும் தெளிவாக இல்லை. 1945 அக்டோபரில் தலைமை நீதிபதி லீச்சும் நீதிபதி லட்சுமண ராவும் அப்பீலைத் தள்ளினார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. அப்பீலை மறுபடி விசாரிக்கும்படி அது திருப்பி அனுப்பியது. எத்திராஜ் வாதாட, நீதிபதிகள் ஹாப்பெலும் ஷஹாபுதீனும் அதே சாட்சியத்தை மறுபடி படித்து, 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தார்கள். கட்டு அதே கட்டு. வாசித்தவர்கள்தான் வேறு, வாசிக்க வேண்டிய கடமையைப் பற்றிய புரிதலும் வேறு.

இதே வருஷங்களில்தான் கோவையில் மற்ற வழக்கு நடந்தது. ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நால்வர்: ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். ஆலையின் அடியாள் என்று தொழிலாளர்கள் சொன்ன ஒருவனின் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டு, 1946 ஜனவரி 8ந் தேதி கோவை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஜில்லாக் கைதிக்குக் காகிதத்தில் இருந்த அத்தனை உரிமையும் இவர்களுக்கும் இருந்தது. தூக்கு உறுதியாயிற்று. நடிகர்கள் விடுதலையானபோது இவர்கள் இறந்து பதினைந்து மாதம் ஆகியிருந்தது.

இவர் குற்றமற்றவர், அவர் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமல்ல. இரண்டு வழக்கிலும் அப்பீல் உண்டு. ஒன்றில் வாசிப்பு மூன்றாம் முறையும் நடந்தது. அதற்கு நட்சத்திர வருமானமும், லண்டன் வரை போகும் வக்கீல்களும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காலமும் வேண்டியிருந்தது. முதல் அப்பீல் தள்ளப்பட்டபோது பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் இருந்த தண்டனை தூக்காக இருந்திருந்தால்? மூன்றாம் வாசிப்பு நடந்திருக்கலாம்; அதைக் கேட்க ஆள் இருந்திருப்பார்களா? தவறான வாசிப்பைத் திருத்தக் கால அவகாசம் தருவது தண்டனையின் தன்மைதான். உரிமைகளின் பட்டியலில் இது எழுதப்படுவதில்லை.

ஏழைக் கைதிக்கு இலவச வக்கீல் என்பது 1976ல் அரசியல் சட்டத்தின் 39-ஏ பிரிவாயிற்று. 1979ல் ஹுஸைனாரா காட்டூன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதை 21ஆம் பிரிவின் வாழ்வுரிமையோடு பிணைத்தது. பெரிய மாறுதல்தான். ஆனால் வக்கீல் கிடைப்பது ஒன்று, சாட்சியக் கட்டை உட்கார்ந்து படிக்கும் வக்கீல் கிடைப்பது வேறு.

விடுதலையான நாயுடு கோவையில் பக்ஷிராஜா ஸ்டுடியோவை நடத்தினார். 1950ல் அங்கிருந்து 'ஏழை படும் பாடு' வந்தது: தண்டனை முடிந்த பின்னும் போலீஸால் துரத்தப்படுகிற ஒருவனைப் பற்றிய விக்தர் ஹ்யூகோவின் கதை. கூண்டில் நின்ற ஞாபகம்தான் இதைத் தேர்ந்தெடுக்கச் செய்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஊர் அந்தப் படத்தைப் பார்த்து அழுதது, சின்னியம்பாளையத்திலிருந்து சில மைல் தூரத்தில்.

அங்கே ஒவ்வொரு ஜனவரி எட்டாம் தேதியும் கொடி ஏற்றுகிறார்கள். அஞ்சலி நல்லது. ஆனால் அந்த நால்வருக்கும் நாம் பாக்கி வைத்திருப்பது, யாராவது ஒருவர் அந்த வழக்கின் சாட்சியங்களை முதல் வாக்குமூலத்திலிருந்து கடைசித் தீர்ப்பு வரை, பக்கம் பார்க்காமல், ஒரு முறை படிப்பது.