பெயர்ப் பட்டியல் தராத கிராமம்

சரித்திரம் என்பது அரசர்களின் பெயரும் போர் நடந்த ஆண்டுமே என்று, பள்ளியில் யான் பயின்ற ஆங்கில நூல்கள் எனக்குக் கற்பித்தன. அஞ்சி வந்தவர்க்குக் கதவு திறந்த குடியானவளையும், அதிகாரிக்கு எதிரே நின்று நியாயம் கூறிய மாணவனையும் அந்நூல்களில் யான் கண்டதில்லை. அத்தகைய எளியோரின் வரலாறு ஒன்றை வாசகர்கட்குக் கூற விழைகின்றேன்.

பிரெஞ்சு தேசத்தின் தென்மத்தியப் பகுதியில், ஏறக்குறைய 3,000 அடி உயரமான மேட்டு நிலத்தில் லெ ஷாம்போன் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அவ்வூராரிற் பெரும்பாலோர் புரோட்டஸ்டண்டு கிறிஸ்தவர். 1685-ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னன் அச்சமயத்தைத் தடுத்தபோது, அவர்தம் முன்னோர் மலைகளில் மறைந்து வழிபட்டனர். மறைந்து வாழ்வோர் படும் துயரம் அம்மக்களுக்குக் குடும்பக் கதையாகவே இருந்தது.

1940-இல் பிரான்சு ஹிட்லரின் படைக்குத் தோற்றது. விஷி நகரில் அமைந்த சர்க்கார் ஜெர்மானியர்க்கு இணங்கி நடந்தது. யூதராய்ப் பிறந்ததே குற்றமாயிற்று. 1942 ஜூலையில் பாரிஸ் நகரில் இரண்டே நாட்களில் 13,000-க்கு மேற்பட்ட யூதர் பிடிக்கப்பட்டனர். அவருள் 4,000-க்கு மேற்பட்டோர் குழந்தைகள்.

அடுத்த மாதம் அச்சர்க்காரின் இளைஞர் துறைத் தலைவர் லெ ஷாம்போனுக்கு வந்தார். அவர் எதிர்பார்த்தது வரவேற்பு; கிடைத்ததோ பள்ளி மாணவர் அளித்த ஒரு கடிதம். தம் நடுவே யூதர் இருப்பதையும், தாம் எவரையும் வேறுபடுத்திப் பாராததையும், அவரைப் பிடிக்க ஆணை வந்தால் ஒளித்து வைக்கப் போவதையும் அப்பிள்ளைகள் அதிற் கூறியிருந்தனர். எத்துணைத் துணிவு!

யூதர்களின் பெயர்களைத் தருமாறு பாதிரியார் ஆந்த்ரே திரோக்மேயை அதிகாரிகள் கேட்டனர். அவர் மறுத்தார். சின்னாட்களில் போலீசார் பேருந்துகளுடன் வந்து வீடுவீடாகத் தேடினர். அகதிகளோ பண்ணை வீடுகளிலும் காடுகளிலும் மறைந்திருந்தனர். பேருந்துகள் ஏறக்குறைய வெறுமையாகவே திரும்பின.

ஆஸ்கார் ரோசோவ்ஸ்கி என்பார் இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர்; தாமே யூத அகதி. தட்டச்சு இயந்திரம் பழுது பார்க்கக் கற்றிருந்த அவர், அகதிகளுக்குப் போலி அடையாளச் சீட்டுகள் செய்தளித்தார். அக்காகிதங்களை ஒரு குடியானவர் தம் தேனீப் பெட்டிகளுள் மறைத்துக் காத்தார்.

இத்தொண்டு விலையின்றி நடக்கவில்லை. 1943 ஜூன் மாதம் மாணவர் விடுதி ஒன்றை ஜெர்மானியப் போலீசார் சூழ்ந்தனர். விடுதியை நடத்திய தானியேல் திரோக்மே, தப்பியோட வழியிருந்தும் தம் மாணவரைக் கைவிடாது அவர்களுடன் சிறை புகுந்தார். 1944-இல் மைதானெக் முகாமில் உயிர் துறந்தார்.

காக்கப்பட்டோர் 3,000 என்பாரும் 5,000 என்பாரும் உளர். குழந்தைகள் அவருட் பலர். கணக்கு எழுதி வைப்பதே ஆபத்தாயிருந்தமையால் சரியான தொகை இல்லை. 1990-இல் இஸ்ரவேலின் யாத் வஷேம் நிலையம் அக்கிராமம் முழுமையையும் சுற்றூர்களையும் பாராட்டிச் சிறப்பித்தது.

யான் தோட்டத்துக் கிராணி. செக்ரோலில் பெயர் எழுதுவதே என் அன்றாடத் தொழில். ஒரு பெயர் ஏட்டில் ஏறினால் அவன் வயிற்றுக்குச் சோறு. சில காலங்களில் அவன் தலைக்கே கேடு. லெ ஷாம்போன் பெயர் தர மறுத்த அதே நாட்களில், 1942-லும் 1943-லும், நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எண்ணற்றோர் திரும்பவில்லை. அன்று யான் அந்நாற்காலியில் இருந்திருந்தால் என் பேனா என் செய்திருக்கும்? இவ்வினாவுக்கு நெஞ்சறிய விடை கூற என்னால் இயலவில்லை. அப்பள்ளிப் பிள்ளைகளோ விடை கூறிவிட்டனர்.

வாசகர்காள்! அந்நாட்களிற் சிறுவராயிருந்த முதியோர் நம்மிடையே இன்னும் சிலர் உளர். ஓடி வந்தவரை லயத்தில் ஒளித்தவர் யார், தம் மரவள்ளிக் கிழங்கைப் பகிர்ந்தவர் யார், தாயற்ற பிள்ளையை எடுத்து வளர்த்தவர் யார் என்று அவர்களை அணுகிக் கேளுங்கள். கேட்டதை உடனே எழுதி வையுங்கள். அந்தப் பெயர்ப் பட்டியலை நாம் எழுதாவிடின் வேறெவரும் எழுதார்.